கேட்டீங்க, சொல்றேன்: எர்த்ஸீ கடிதங்கள்

போன இதழ்ல அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின் எழுதின எர்த்ஸீ புத்தகங்கள் பத்தி, அதாவது எர்த்ஸீங்கற மந்திரத் தீவு உலகத்துல நடக்கற ஃபேன்டஸி கதைகள் பத்தி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். ரொம்ப வருஷமா மனசுல வச்சிருந்த விஷயம், ஒரே பக்கத்துல அடங்காம பாதியில நிறுத்தின மாதிரிதான் முடிச்சேன். அதுக்கு இவ்ளோ கடிதம் வரும்னு நினைக்கவே இல்ல. படிச்சவங்க, படிக்கப் போறவங்க, படிச்சுட்டு கோவப்பட்டவங்கன்னு எல்லாரும் எழுதியிருக்கீங்க. அதனால இந்த தடவை இந்தப் பகுதி முழுக்க அந்தக் கேள்விங்கதான். வேற கேள்வி அனுப்பினவங்க அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்கங்க.

மேடம், இவங்க பேரையே நான் உங்க கட்டுரையிலதான் கேள்விப்பட்டேன். எந்த புக்ல இருந்து ஆரம்பிக்கறது? ஆறு இருக்குன்னு பிரெண்ட் சொல்றான்.
– கல்லூரி மாணவர், கோவில்பட்டி

ஆறுதான் தம்பி, வந்த வரிசையிலயே படிங்க, மாத்தாதீங்க. 'எ விசர்ட் ஆஃப் எர்த்ஸீ' 1968, 'தி டூம்ஸ் ஆஃப் அட்டுவான்' 1971, 'தி ஃபார்தஸ்ட் ஷோர்' 1972. அதுக்கப்புறம் பதினெட்டு வருஷம் ஒரு எர்த்ஸீ நாவலும் இல்ல, 1990ல 'தெஹானு', அப்புறம் 2001ல 'டேல்ஸ் ஃப்ரம் எர்த்ஸீ', அதே வருஷம் 'தி அதர் விண்ட்'. அந்தப் பதினெட்டு வருஷ இடைவெளியை மனசுல வச்சுக்கங்க, கீழ ஒரு பெரிய சண்டையே அதை வச்சுத்தான் வருது.

இவங்க 1929ல கலிஃபோர்னியாவுல பெர்க்லியில பிறந்தவங்க, வாழ்க்கையில பெரும்பகுதி ஓரிகன்ல போர்ட்லண்ட்ல இருந்தாங்க, 2018 ஜனவரியில இறந்துட்டாங்க. 1967ல பர்னாசஸ் பிரெஸ்னு ஒரு சின்ன பதிப்பகம் வச்சிருந்தவர் இவங்ககிட்ட, கொஞ்சம் பெரிய பசங்களுக்கு ஒரு கதை எழுதித் தாங்கன்னு கேட்டிருக்கார். அதுவரைக்கும் அந்த வயசுக்காரங்களுக்குன்னு இவங்க எழுதினதே கிடையாது. யோசிச்சு யோசிச்சு இவங்களுக்கு ஒரு கேள்வி வந்திருக்கு, கதையில வர்ற மந்திரவாதிங்க எல்லாருமே வெள்ளைத் தாடி வச்ச கிழவராத்தான் இருக்காங்க, அந்தத் தாடி வர்றதுக்கு முன்னாடி அவங்க என்னவா இருந்தாங்க, அவ்ளோ பெரிய ஆபத்தான கலையை எங்க போய் கத்துக்கிட்டாங்கன்னு. அந்த ஒரு கேள்விதான் முழு கதையும். பெரிய பேப்பர்ல முதல்ல மேப் போட்டுட்டாங்களாம், தீவு தீவா, ஒவ்வொண்ணுக்கும் பேர் வச்சு, அப்புறம்தான் கதை. புக்ல அந்த மேப் இருக்கும், அதைத் தாண்டிப் போயிடாதீங்க, கூடவே விரல் வச்சுப் படிங்க.

ஹாரி பாட்டரைப் பாத்து எழுதினது மாதிரி இருக்கே? மந்திரப் பள்ளிக்கூடம், பணக்காரத் திமிர் பிடிச்ச சக மாணவன், முகத்துல தழும்பு...
– மதுரை வாசகர்

ஹாரி பாட்டர் முதல் புக் வந்தது 1997. எர்த்ஸீல வர்ற ரோக் தீவு மந்திரப் பள்ளிக்கூடம் 1968. நீங்களே கணக்கு போட்டுக்கங்க. லெ குவின் இதைப் பத்தி கேட்டப்போ காப்பின்னு குற்றம் சொல்லல, முன்னாடி எழுதினவங்களைப் பத்தி இன்னும் கொஞ்சம் பெருந்தன்மையா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்னு மட்டும் சொன்னாங்க. எனக்கும் அது போதும்.

என் பையனுக்கு வாங்கிக் கொடுத்தேன், நாப்பது பக்கத்துல மூடி வச்சுட்டான். "சண்டையே இல்லம்மா, மழையில நனைஞ்சுகிட்டே நடக்கறாங்க"ங்கறான். வயசு 13.
– ஈரோடு

அவன் மூடி வச்ச இடம் எதுன்னு எனக்கு நல்லா தெரியும். கதாநாயகன் கெட் தன் குரு ஓஜியன் கூட கோண்ட் மலையில நடந்து போற இடம். மழை கொட்டுது. வேற மந்திரவாதியா இருந்தா ஒரு வார்த்தை சொல்லி மழையைப் பக்கத்து ஊருக்குத் தள்ளி விட்டிருப்பான், அந்த உலகத்துல அது சகஜம், ஒருத்தன் இங்க இருந்து தள்ள அடுத்தவன் அங்க இருந்து தள்ள மேகம் பாவம் போக்கிடம் இல்லாம சுத்திகிட்டே இருக்கும். ஓஜியன் மட்டும் மழையை அது இஷ்டத்துக்குப் பெய்ய விட்டுட்டு ஒரு மரத்தடியில போய் படுத்துக்கறார். பையன் கெட் புதர்ல நனைஞ்சுகிட்டே உக்காந்து, இவ்ளோ சக்தி இருந்து என்ன பிரயோஜனம், உபயோகப்படுத்த மாட்டேங்கறாரேன்னு உள்ளுக்குள்ள பொருமறான். உங்க பையனும் அதேதான் பொருமியிருக்கான் பாருங்க, அப்ப கதை அவனுக்குள்ள போயிருக்குன்னுதான் அர்த்தம். பின்னாடி ரோக்ல ஒரு ஆசிரியர் சொல்வார், இங்க மழை பெய்ய வச்சா வேற தீவுல வறட்சி ஆகலாம்னு. அந்த இடம் வரைக்கும் நீங்க சத்தமா வாசிச்சுக் காட்டுங்க. அதுக்கப்புறமும் பிடிக்கலன்னா விட்டுடுங்க, ரெண்டு வருஷம் கழிச்சு அவனே எடுப்பான், கட்டாயப்படுத்தினா எடுக்கவே மாட்டான்.

எட்டாம் வகுப்பு பிள்ளைங்களுக்கு முதல் புத்தகத்தோட கதையைச் சொன்னேன் அம்மா. எல்லாரும் ஒரே கேள்விதான், "டீச்சர், உண்மையான பேரை ஏன் மறைக்கணும்?" எனக்கு சரியா சொல்லத் தெரியல. எங்க ஊர்ல குழந்தை காதுல பேரை மூணு தடவை சொல்ற வழக்கம் உண்டு, அதை உதாரணமா சொன்னேன். சரியா?
– ஆசிரியை, திண்டுக்கல் பக்கம்

நல்ல உதாரணம் டீச்சர், ஏன்னா புத்தகத்துலயும் பேர் காதோடதான் சொல்லப்படுது. டூனிங்கற அந்தப் பையனை பதிமூணு வயசுல குளிர்ந்த ஆத்துத் தண்ணியில இறங்கி நடந்து வரச் சொல்றாங்க. அக்கரையில ஓஜியன் நிக்கறார், அவன் நடுங்கிகிட்டே கரையேறும்போது கையைப் பிடிச்சு காதுகிட்ட குனிஞ்சு கெட்னு சொல்றார். அவ்ளோதான் சடங்கு. அதுல இருந்து ஊருக்கெல்லாம் அவன் ஸ்பாரோஹாக், வல்லூறு மாதிரி ஒரு பறவையோட பேர், கெட்ங்கறது அவனுக்கும் அவனுக்கு உயிரா இருக்கற ஒண்ணு ரெண்டு பேருக்கும் மட்டும். அந்த உலகத்துல ஒரு பொருளோட உண்மையான பேர் தெரிஞ்சா அது மேல அதிகாரம் வந்துடும், மந்திரம்னா வேற ஒண்ணும் இல்ல, சரியான பேரைத் தெரிஞ்சு வச்சிருக்கறதுதான். அதனால பேரைச் சொல்றதுன்னா என் உயிரை உன் கையில வச்சுக்கோன்னு கொடுக்கறது.

பிள்ளைங்களுக்கு இதைச் சொல்லுங்க. கெட் ஒரு பெரிய தப்பு பண்ணிடறான், போட்டியில ஜெயிக்கணும்னு செத்தவங்க ஆவியைக் கூப்பிடப் போய் ஒரு நிழலை உலகத்துக்குள்ள விட்டுடறான், அதைத் தடுக்கப் போன பெரிய குரு இறந்துடறார், இவனுக்கு முகமெல்லாம் தழும்பு, பேச்சே திக்குது, கூடப் படிச்சவங்க ஒதுங்கிப் போறாங்க. அப்ப வெட்ச்னு ஒரே ஒரு நண்பன், படிப்பு முடிச்சு ஊருக்குப் போகும்போது இவன்கிட்ட வந்து, என் உண்மையான பேர் எஸ்டாரியல்னு சொல்லிட்டுப் போறான். கேக்காமலே. நான் இருபது வயசுல அந்தப் பக்கம் படிச்சுட்டு புக்கை மூடி வச்சுட்டு ரொம்ப நேரம் மொட்டை மாடியில உக்காந்திருந்தேன், அந்த நேரத்துல எனக்கும் அப்படி ஒரு ஆள் தேவைப்பட்டது.

இன்னொண்ணு, இது பிள்ளைங்களுக்கு இல்ல, உங்களுக்கு. லெ குவினோட அப்பா ஆல்ஃபிரட் குரோபர், பெரிய மானுடவியல் அறிஞர். 1911ல கலிஃபோர்னியாவுல ஓரோவில்ங்கற ஊர்ல பசியில இளைச்சுப் போன ஒரு மனுஷர் காட்டுல இருந்து தனியா வெளிய வந்தார், யாஹிங்கற இனத்துல கடைசி ஆள், மத்த எல்லாரும் கொல்லப்பட்டோ செத்தோ போயிட்டாங்க. அவரை சான் ஃபிரான்சிஸ்கோவுல இருந்த பல்கலைக்கழக அருங்காட்சியகத்துல கொண்டு வந்து வச்சாங்க. பேர் என்னன்னு எல்லாரும் கேட்டாங்க, அவர் சொல்லவே இல்ல, அவங்க வழக்கத்துல தன் பேரைத் தானே சொல்லக் கூடாது, சொந்தக்காரங்க யாராவதுதான் சொல்லி அறிமுகப்படுத்தணும், சொல்றதுக்கு ஒருத்தரும் உயிரோட இல்ல. அதனால குரோபர் அவரை இஷின்னு கூப்பிட்டார், அவங்க பாஷையில மனுஷன்னு அர்த்தம். 1916ல காசநோயில இறந்து போற வரைக்கும் அவரோட சொந்தப் பேர் யாருக்கும் தெரியாது, இன்னிக்கும் தெரியாது. லெ குவினோட அம்மா தியோடோரா அவர் கதையை 1961ல புத்தகமா எழுதினாங்க. மூணே வருஷம், 1964ல மகள் எர்த்ஸீ உலகத்தை வச்சு எழுதின முதல் சிறுகதைகள் வெளிவருது, அதுல ஒண்ணு முழுக்க பேர் பத்தின கதை. இதுல இருந்துதான் அது வந்ததுன்னு நான் அடிச்சு சொல்ல மாட்டேன், அவங்க இஷி இறந்து பதிமூணு வருஷம் கழிச்சுப் பிறந்தவங்க. ஆனா ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்காம என்னால இருக்க முடியல.

ஸ்கூல் நாடகத்துல என்னை எப்பவுமே அரக்கியாதான் போடுவாங்க, ஒரு தடவை மரமா நிக்க வச்சாங்க, காரணம் என் நிறம்னு எல்லாருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறந்து சொல்ல மாட்டாங்க. இப்ப எனக்கு 26. கெட்டோட தோல் செம்பு மாதிரி பழுப்புன்னு ஒரு வரி வந்ததும் ஷாக் ஆகி மறுபடி முதல்ல இருந்து தேடிப் பாத்தேன், ஆமா, வெட்ச் இன்னும் கறுப்பு. ஆனா என்கிட்ட இருக்கற புக் அட்டையில வெள்ளைக்காரப் பையன் நிக்கறான். இது தெரிஞ்சே பண்றதா?
– திருச்சி வாசகி

உங்க கடிதத்தை நான் மூணு தடவை படிச்சேன்மா.

கெட்டோட நிறம் தெரிஞ்சே எழுதினது, அதுல சந்தேகமே வேண்டாம். அந்தக் காலத்து ஃபேன்டஸின்னா ஹீரோ வெள்ளையா இருப்பான், கறுப்பா இருக்கறவன் வில்லன் பக்கம், இதை மாத்தணும்னு முதல் நாள்ல இருந்தே முடிவு பண்ணித்தான் எழுதினேன்னு அவங்களே பின்னாடி சொல்லியிருக்காங்க. எர்த்ஸீ தீவுகள்ல பெரும்பாலானவங்க பழுப்பு, கிழக்குப் பக்கம் போகப் போக கறுப்பு, வெள்ளைத் தோலும் மஞ்ச முடியும் இருக்கற கார்க் ஜனங்கதான் கொள்ளையடிக்க வர்றவங்க. ஆனா இதை முதல் பக்கத்துல தமுக்கடிச்சு சொல்லல, போற போக்குல ஒரு வரியில சொல்லிட்டுப் போவாங்க. வெள்ளைக்கார வாசகன் கெட்டுக்குள்ள முழுசா புகுந்து, அவன் பயமெல்லாம் தன் பயமா ஆனப்புறம், அட இவன் என்னை மாதிரி இல்லையேன்னு உணரட்டும்னு. நீங்க அதே வரியை எதிர்ப்பக்கத்துல இருந்து படிச்சிருக்கீங்க, அவனுக்கு அது சின்ன அதிர்ச்சி, உங்களுக்கு வீட்டுக் கதவைத் திறந்து விட்ட மாதிரி.

அட்டைக் கதை வருத்தமான கதை. முதல் பதிப்புக்கு ரூத் ராபின்ஸ் வரைஞ்ச அட்டையில முகம் பழுப்பாத்தான் இருந்தது. அப்புறம் வந்த எத்தனையோ பதிப்புல கெட் வெளுத்துகிட்டே போயிட்டான். ஒவ்வொரு தடவையும் இவங்க சண்டை போட்டிருக்காங்க, அட்டை விஷயத்துல எழுத்தாளர் பேச்சு அவ்ளோ சுலபமா எடுபடாது, கறுப்பு முகம் போட்டா விக்காதுங்கற பதில்தான் திரும்பத் திரும்ப. 2004 டிசம்பர்ல அமெரிக்காவுல சயன்ஸ் ஃபிக்ஷன் சேனல் ஒண்ணு இதை டிவி தொடரா எடுத்தப்போ கெட்டா நடிச்சது வெள்ளைக்கார நடிகர். அப்பதான் இவங்க 'எர்த்ஸீக்கு வெள்ளையடிச்சுட்டாங்க'ங்கற அர்த்தத்துல தலைப்பு வச்சு ஒரு கட்டுரை எழுதினாங்க. அதுல எனக்கு மறக்கவே முடியாத விஷயம் என்னன்னா, வெள்ளையர் அல்லாத வாசகர்கள் எழுதின கடிதங்களைப் பத்தி சொல்லியிருப்பாங்க, சின்ன வயசுல ஃபேன்டஸி கதையில தன்னை மாதிரி ஒருத்தரைப் பாத்தது இந்தப் புத்தகத்துலதான்னு எழுதினவங்க. நீங்க இப்ப எனக்கு எழுதினது அதே கடிதம்தான். அவங்க இருந்திருந்தா அவங்களுக்கே அனுப்பச் சொல்லியிருப்பேன்.

ஒரு நல்ல செய்தி. 2018ல ஆறு புத்தகத்தையும் சேர்த்து ஒரே பெரிய வால்யூமா வந்தது, சார்லஸ் வெஸ் படம் வரைஞ்சது. அவரும் லெ குவினும் ஒவ்வொரு படமா பேசிப் பேசி, திருத்தித் திருத்தி, வருஷக்கணக்குல சேர்ந்து வேலை பாத்தாங்க. அதுல எல்லாரும் அவங்கவங்க நிறத்துல இருக்காங்க. புக் அச்சாகி வர்றதுக்கு சில மாசம் முன்னாடி இவங்க இறந்துட்டாங்க. விலை ஜாஸ்திதான், லைப்ரரியில வாங்கச் சொல்லிக் கேளுங்க.

ஜப்பான் அனிமேஷன் படம் ஒண்ணு இருக்கே, பாக்கலாமா?
– புதுச்சேரி

பாருங்க, ஆனா புக் படிச்சுட்டுப் பாருங்க. 2006ல கிப்லி ஸ்டூடியோ எடுத்தது. எண்பதுகள்ல அங்கத்துப் பெரிய அனிமேஷன் இயக்குநர் ஹயாவோ மியாசாகி லெ குவின்கிட்ட உரிமை கேட்டப்போ அவர் யாருன்னே இவங்களுக்குத் தெரியல, வேண்டாம்னுட்டாங்க. அப்புறம் அவரோட 'டோட்டோரோ' படம் பாத்துட்டு இவர் எடுத்தா நல்லா இருக்குமேன்னு இவங்களே ஆசைப்பட்டாங்க, கடைசியில எடுத்தது அவர் பையன் கோரோ. பாத்து முடிச்சதும் கோரோகிட்ட, இது என் புத்தகம் இல்ல, உங்க படம், நல்ல படம்னு சொன்னாங்களாம். எனக்கு அந்தக் கடல் காட்சிகள் பிடிச்சது, கதை பிடிக்கல.

முதல் மூணு புக்கையும் பைத்தியம் மாதிரி படிச்சேன். 'தெஹானு' படிச்சு கோவம்தான் வந்தது. டிராகனோட பேசினவரை ஆடு மேய்க்க விட்டுட்டாங்க. பாதி புக் சமையல், கோழி, பாத்திரம். பெண்ணுரிமை பேசணும்னா வேற கதை எழுதி பேசட்டும், என் ஹீரோவை ஏன் உடைக்கணும்? நீங்க அதைத்தான் ஆறுலயும் சிறந்ததுன்னு எழுதியிருக்கீங்க, எனக்குப் புரியல.
– ஐ.டி. ஊழியர், சென்னை

உங்க கோவம் எனக்குப் புதுசு இல்ல. திருவல்லிக்கேணி பிளாட்பாரத்துல பழைய புக் கடையில 'தெஹானு' கிடைச்சப்போ எனக்கு இருபத்தஞ்சு வயசு, பஸ்லயே படிக்க ஆரம்பிச்சு, ராத்திரி பன்னெண்டு மணிக்கு முடிச்சு, அலமாரியில பின்னாடி தள்ளி வச்சுட்டேன். ஏமாத்திட்டாங்கன்னுதான் தோணுச்சு. 1990ல அது வந்தப்பவும் நிறைய பேர் இதையேதான் சொன்னாங்க, அதே புக்குக்கு சயன்ஸ் ஃபிக்ஷன், ஃபேன்டஸிக்குக் கொடுக்கற நெபுலா விருதும் கிடைச்சது, ரெண்டும் சேர்ந்தே நடந்தது.

ஆனா ஒரு விஷயம் திரும்பப் போய் பாருங்க. உங்க ஹீரோவை உடைச்சது நாலாவது புக் இல்ல, மூணாவது. 'ஃபார்தஸ்ட் ஷோர்' கடைசியில செத்தவங்க உலகத்துல இருக்கற அந்த ஓட்டையை அடைக்கறதுக்கு கெட் தன் சக்தி மொத்தத்தையும் செலவழிச்சுடறான், டிராகன் வந்து தூக்கிட்டுப் போகுது, கதை முடியுது. நாம கைதட்டிட்டு எழுந்து வந்துட்டோம். 'தெஹானு' கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான், சரி, அதுக்கு அடுத்த நாள் காலையில என்ன ஆச்சு? அம்பது வயசுல, கையில இருந்த ஒரே தொழில் போயிடுச்சு, யார் முகத்துலயும் முழிக்க வெக்கம், ராஜாவோட ஆளுங்க தேடி வந்தா ஓடி ஒளியறான். வேலை போன ஆம்பளையை வீட்டுல பாத்தவங்களுக்கு அந்தப் பக்கங்கள் எவ்ளோ உண்மைன்னு தெரியும்.

அடுத்தது 'தெஹானு'வோட கதாநாயகி டெனார். ரெண்டாவது புக்ல அஞ்சு வயசுல வீட்டுல இருந்து பிடுங்கிட்டுப் போய் இருட்டுக் கோயில்ல பூசாரியா வச்ச பொண்ணு, பேரையே பறிச்சுட்டு அர்ஹான்னு, அதாவது தின்னப்பட்டவள்னு பேர் வச்சாங்க. வெளிய வந்தா, கை நிறைய வெளிச்சத்தோட ஹாவ்னர் நகரத்துல இறங்கினா. அப்புறம்? மூணாவது புக்ல அவ இல்லவே இல்ல, கவனிச்சீங்களா? நான் இருபத்தஞ்சு வயசுல கவனிக்கல. எழுதினவங்க கவனிச்சிருக்காங்க, மூணாவது முடிஞ்ச கையோட நாலாவதை எழுதப் பாத்தாங்க, முடியல, எப்படி எழுதறதுன்னே தெரியலன்னு நிறுத்திட்டாங்க. ரோக் பள்ளிக்கூடத்துல ஏன் ஆம்பளைங்க மட்டும், முதல் புக்ல ஏன் "பொம்பளை மந்திரம் மாதிரி பலவீனம், பொம்பளை மந்திரம் மாதிரி பொல்லாதது"ன்னு கோண்ட் ஊர்ப் பழமொழி வருது, அந்தக் கதையை எழுதின கை ஒரு பொண்ணோட கை, அதை எழுதும்போது ஏன் அவங்களுக்கு உறுத்தல? 1992ல ஆக்ஸ்ஃபோர்டுல ஒரு உரையில இதையெல்லாம் தானே எடுத்து வச்சுப் பேசினாங்க, வீரம்னா ஆம்பளைங்க வீரம்தான்னு ஒரு மரபு இருந்தது, நானும் அதுக்குள்ள நின்னுதான் எழுதினேன்னு. பழைய புத்தகத்தை ஒரு வரி திருத்தல பாருங்க, அதை அப்படியே விட்டுட்டு, அதே தீவுல, அதே ஆளுங்களை வச்சு, அடுப்படியில இருந்து பாத்தா எப்படித் தெரியுதுன்னு எழுதினாங்க. தன் சொந்த உலகத்தையே கேள்வி கேட்டு, அதை எல்லார் முன்னாடியும் செய்யற தைரியம் எத்தனை பேருக்கு இருக்கு சொல்லுங்க. டிராகனோட பேசறதை விட எனக்கு அது பெருசா தெரியுது.

நீங்க பாத்திரம்னு எழுதியிருக்கீங்களே, அந்தப் பாத்திரம்தான் என்னை மாத்துச்சு. டெனாரோட பையன் ஸ்பார்க் பல வருஷம் கப்பல்ல இருந்துட்டு வீட்டுக்கு வர்றான், சாப்பிடறான், தட்டை அப்படியே விட்டுட்டு எழுந்திருக்கறான். அம்மா சொன்னதுக்கு அது பொம்பளைங்க வேலைன்னுடறான். இந்த அடுப்படியில சாப்பிடற யாருக்கும் அது வேலைதான்ங்கறா அவ. அதே வீட்டுல, ஒரு காலத்துல எல்லா மந்திரவாதிக்கும் தலைவரா இருந்த கெட் சத்தமே இல்லாம பாத்திரம் கழுவிட்டிருப்பான். என் நாப்பத்தி நாலாவது வயசுல அம்மா பக்கவாதத்துல விழுந்து ஏழு மாசம் படுக்கையில இருந்தாங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு மாத்திரை கொடுக்க முழிச்சுகிட்டு இருப்பேன், தூங்கிடக் கூடாதுன்னு கைக்குக் கிடைச்ச புக்கை எடுத்தேன், அது அலமாரி பின்னாடி தள்ளி வச்ச இதேதான். பெத்த பையன் அலட்சியமா எழுந்து போறதைப் பாத்து, இவனை இப்படி வளத்தது நான்தானேன்னு டெனார் நினைக்கற இடத்துல என்னால மேல படிக்க முடியல. வீட்டுல நாலு பேர் இருந்தாங்க, கஞ்சி டம்ளரைக் கழுவ எழுந்தது யாருன்னு எனக்குத் தெரியும்.

உங்களுக்கு 29 வயசுன்னு எழுதியிருக்கீங்க. இப்ப பிடிக்கலன்னா பிடிக்கல, அதுல தப்பே இல்ல, புக்கை மட்டும் யாருக்கும் கொடுத்துடாதீங்க, உங்ககிட்டயே இருக்கட்டும்.

என் பொண்ணு கொடுத்து நான் 'தெஹானு' மட்டும்தான் படிச்சேன், மத்தது படிக்கல. கதாநாயகி புருஷன் செத்துப் போன நடுவயசுப் பொம்பளை, எனக்கு அதுவே அதிசயமா இருந்தது. ஒரே சந்தேகம், அவ்ளோ மந்திரவாதிங்க இருக்கற ஊர்ல அந்தத் தீக்காயம் பட்ட குழந்தை முகத்தை ஏன் யாரும் சரி பண்ணல?
– 61 வயது வாசகி, கும்பகோணம்

அம்மா, இந்தக் கேள்வியை இத்தனை வருஷத்துல வேற யாரும் என்கிட்ட கேட்டதில்ல.

சரி பண்ண முடியாதுன்னுதான் எழுதியிருக்காங்க. பெத்தவங்களே நெருப்புல தள்ளிவிட்ட குழந்தை அது, பாதி முகம், ஒரு கை போயிடுச்சு, தெருவுல போனா ஊர் ஜனங்க முகத்தைத் திருப்பிக்கறாங்க, குழந்தை மேலதான் ஏதோ பாவம் இருக்கற மாதிரி. சாதாரண ஃபேன்டஸியா இருந்தா கடைசி அத்தியாயத்துல ஒரு மந்திரம் சொல்லி அழகான பொண்ணா ஆக்கியிருப்பாங்க, நாமளும் சந்தோஷமா கண்ணைத் தொடைச்சுகிட்டுப் போயிருப்போம். லெ குவின் அதைச் செய்யவே இல்ல, 'அதர் விண்ட்'ல அவ பெரிய பொண்ணா வரும்போதும் தழும்பு அப்படியே இருக்கு. நடந்த கொடுமையை நடக்காத மாதிரி ஆக்கற மந்திரம் அந்த உலகத்துல கிடையாது. ஆனா அந்தக் குழந்தை டிராகனைப் பேர் சொல்லிக் கூப்பிடற இடம் இருக்கு பாருங்க, அங்க நீங்க அழுதீங்களா? நான் அழுதேன். உங்களால முடிஞ்சா 'டூம்ஸ் ஆஃப் அட்டுவான்' படிச்சுடுங்க, டெனாரோட சின்ன வயசு அதுலதான் இருக்கு, தலைகீழா படிச்ச ஆளுக்கு அது எப்படித் தெரியுதுன்னு எனக்கு அவசியம் எழுதணும்.

ஒன்பது வயசுப் பொண்ணுக்கு 'டூம்ஸ்' கொடுக்கலாமா?
– சேலம்

இன்னும் ரெண்டு மூணு வருஷம் போகட்டும். அந்தச் சுரங்கப்பாதை இருட்டு பெரியவங்களுக்கே மூச்சு முட்டும்.

வாசகர் கடிதத்துக்கு அவங்க பதில் எழுதுவாங்களா? இந்தக் கதைக்கு என்ன அர்த்தம்னு கேட்டா சொல்வாங்களா?
– நாகர்கோவில்

பதில் எழுதுவாங்க, அதுவும் சின்னப் பசங்க கடிதம்னா ரொம்பப் பிரியம். ஆனா அர்த்தம் என்னன்னு கேட்டா மட்டும் பிடி கொடுக்க மாட்டாங்க, எழுதறது என் வேலை, அர்த்தம் கண்டுபிடிக்கறது உங்க வேலைங்கற மாதிரிதான் பதில் வரும். எண்பது வயசுக்கு மேல எழுதின சின்னச் சின்னக் கட்டுரைகள் 2017ல 'நோ டைம் டு ஸ்பேர்'னு தொகுப்பா வந்திருக்கு, அதுல இதெல்லாம் இருக்கு, வளர்த்த பூனையைப் பத்தியும் நிறைய இருக்கு.

'தி அதர் விண்ட்' முடிச்சுட்டேன். கெட்டை விட்டுப் பிரிய மனசே வரல. இதுக்கப்புறம் ஒண்ணுமே இல்லையா?
– தூத்துக்குடி வாசகர்

ஒண்ணே ஒண்ணு இருக்கு. 'ஃபயர்லைட்'னு ஒரு சிறுகதை, அவங்க இறந்த அப்புறம் 2018 கோடையில 'பாரிஸ் ரிவ்யூ' பத்திரிகையில வந்தது, அந்தப் பெரிய வால்யூம்லயும் சேர்த்திருக்காங்க.

நீங்க கடல் பக்கத்து ஆள், அதனால உங்களுக்கு முதல் புக்ல வர்ற படகு நிச்சயம் ஞாபகம் இருக்கும். ஒரு வயசான மீனவருக்கு கண்ல புரை, கெட் அதை சரி பண்ணிட்டு அவரோட படகை வாங்கிக்கறான். அவர் அதுக்கு லுக்ஃபார்னு பேர் வை, அதாவது தூரப் பார்வை, முன்பக்கம் ரெண்டு கண்ணும் வரைஞ்சுக்கோ, என் நன்றி அந்தக் குருட்டுக் கட்டை வழியா உனக்காகப் பாத்துகிட்டே வரும்னு சொல்வார். பாறை மேல மோதாம, திட்டுல ஏறாம. அந்தப் படகுலதான் நிழலைத் துரத்திட்டு உலகத்தோட விளிம்பு வரைக்கும் போனான், அட்டுவானுக்கும் அதுலதான், சாவோட கரைக்கும் அதுலதான்.

'ஃபயர்லைட்'ல கெட் கிழவனா கோண்ட் வீட்டுல படுத்திருக்கான். அடுப்பு எரியுது, டெனார் பக்கத்துல இருக்கா. பெரிய சம்பவம் எதுவும் இல்ல, கொஞ்சம் தூங்கறான், கொஞ்சம் முழிக்கறான், பழசெல்லாம் வந்து போகுது. அப்புறம் அந்தப் படகு வருது, அவன் ஏறிக்கறான்.

ராத்திரியில படிங்க, வீட்டுல எல்லாரும் தூங்கினப்புறம்.